பத்து நாள் இரட்சகர்கள்

தோழர்களுக்கு,

ஜனவரியில் ஒரே கிழமைக்குள் என்ர போனுக்கு இரண்டு அழைப்புகள் வந்தன. ஒன்று, அம்மா இன்னும் போய்வருகிற சபையின் இளைஞர் குழுவிடமிருந்து. பின்னால் தேயிலை மலை, முன்னால் முன்பல் விழுந்த ஒரு சின்னப் பிள்ளையின் சிரிப்பு, மேலே "மலையகத்துக்கு நம்பிக்கையைக் கொண்டு செல்வோம்" என்ற வரி. டிட்வா புயலில் அடிபட்ட ஒரு மலைக் கிராமத்துக்குக் கோடை விடுமுறையில் 10 நாள் ஊழியப் பயணம். மற்றது எங்கட குழுவின் உரையாடலில் வந்த முன்மொழிவு. ஓகஸ்டில் 12 நாள் "தோழமைப் பயணம்". தோட்டத்தில் தங்குவது, மண்சரிவில் வீடிழந்த சனத்தின் கதைகளைப் பதிவு செய்வது, லயங்களைத் திருத்துவதில் "கை கொடுப்பது". அதற்குக் கீழே வரிசையாகச் சிவப்பு இதயங்கள். அதில் ஒன்று நான் போட்டது. அடுத்த நாள் எடுத்துவிட்டேன்.

ஏன் எடுத்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன். இரண்டு அழைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்துப் பாருங்கோ. ஆண்டவர் இருந்த இடத்தில் வர்க்கத்தை வைத்திருக்கிறோம். விமானச் சீட்டு அதேதான்.

சபையின் பயணம் எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். 2016 யூலையில் நானே போனனான். அப்ப 17 வயது. ஸ்காபரோவில் ஞாயிறு ஆராதனை முடிய ரோல்ஸும் கொத்துரொட்டியும் விற்றோம், கார் கழுவினோம், மாமாமாரிடமும் மாமிமாரிடமும் உறை நீட்டினோம். 14 பேர், தலைக்கு 2,800 டொலர். எல்லாருக்கும் ஒரே நிற ரீசேர்ட், முதுகில் வசனம். ஹப்புத்தளைக்கு அப்பால், பஸ் போகாத ஒரு தோட்டத்தின் மேல் டிவிசன் எங்களுக்குக் கிடைத்த "கிராமம்".

கணக்கைப் பாருங்கோ. 39,200 டொலர். அந்த வருடம் ஒரு கனடிய டொலர் 110 ரூபா அளவில் போனது, ஆகவே 43 இலட்சம் ரூபா. அந்த யூலையில் ஒரு தோட்டத் தொழிலாளிக்கு எல்லாக் கொடுப்பனவும் சேர்த்து நாட்சம்பளம் 620 ரூபா. அடிப்படைச் சம்பளம் 450தான். நாங்கள் 10 நாளில் செலவழித்த காசை உழைக்க ஒரு பெண் கிட்டத்தட்ட 7,000 நாள் கொழுந்து கிள்ளவேணும். ஞாயிறும் போயாவும் போக, அது 20 வருடத்துக்கு மேல். அந்த 10 நாளில் அவவுக்கு நாங்கள் கொடுத்தது ஒரு சுவர் நிறையப் பெயின்ற், நல்ல சமாரியன் நாடகம், பிள்ளைகளுக்கு நிறமணி கோர்த்த கைச்சங்கிலி. கறுப்பு மணி பாவம், சிவப்பு மணி இரத்தம், வெள்ளை மணி சுத்தம். பச்சை மணி வளர்ச்சி என்று சொல்லிக் கொடுத்தோம். பச்சையைப்பற்றி அந்தப் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக் கொடுக்க என்ன இருந்தது, எனக்குத் தெரியாது.

இது எங்கட சபையின் தனி வியாதி இல்லை. 2005ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்கச் சபைகளிலிருந்து ஏறத்தாழ 16 இலட்சம் பேர் இப்படிக் குறுகிய கால ஊழியப் பயணமாக வெளிநாடு போனார்கள் என்று சமூகவியலாளர் ரொபர்ட் வத்னோ கணக்கிட்டிருக்கிறார். 1998இல் மிட்ச் சூறாவளி ஹொண்டுராஸை அழித்த பிறகு அங்கே வீடு கட்டப்போன வட அமெரிக்கக் குழுக்களை கேர்ட் வெர் பீக் ஆராய்ந்தார். அவர் நாத்திகர் இல்லை, ஒரு கிறிஸ்தவக் கல்லூரியின் சமூகவியலாளர். அங்கே உள்ளூர் ஆட்கள் ஒரு வீட்டைக் கட்ட ஏறத்தாழ 2,000 டொலர் போனது. வெளியிலிருந்து வந்த குழு அதே வீட்டைக் கட்ட, விமானச் செலவோடு 30,000 டொலர் அளவில் போனது. வீடு கிடைத்த குடும்பங்களைக் கேட்டால், யார் கட்டிய வீடு என்பதால் அவர்களுடைய வாழ்க்கையில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. "போனவர்களின் மனம் மாறுமே" என்பதுதான் சபைகளின் கடைசி வாதம். அதையும் அவர் பார்த்தார். பெரிதாக மாறவில்லை. திரும்பி வந்த பிறகு கொடுத்த காணிக்கைகூடச் சொல்லக்கூடிய அளவுக்குக் கூடவில்லை.

செலவைவிட எனக்குப் பெரிய பிரச்சினை வேறொன்று. யார் எங்களை உள்ளே விட்டது?

தோட்டத்துக்குள் போய் 10 நாள் தங்க நிர்வாகம் சம்மதிக்கவேணும். முதல் நாள் பின்னேரமே துரையின் பங்களாவில் எங்களுக்குத் தேத்தண்ணி. நல்ல மனிசன், கனடாவில் தன்ர தங்கச்சி இருக்கிறா எண்டார், பிள்ளைகளுக்கு ஒழுக்கம் சொல்லிக் கொடுங்கோ எண்டார், குடியை விடச் சொல்லுங்கோ எண்டார். எங்கட குழுத் தலைவர் அண்ணாவுக்கு அது கதவு திறந்த அற்புதம். இரவு சாட்சி சொல்லும்போது அதற்காகவே ஆண்டவருக்கு நன்றி சொன்னார். தொழிற்சங்கக்காரரை அத்துமீறல் சட்டத்தைக் காட்டி லயத்துப் பக்கமே வரவிடாமல் வைத்திருந்த வரலாறு உள்ள இடம் அது. எங்களுக்கு மட்டும் ஏன் கேக் வெட்டினார்கள் என்று 14 பேரில் ஒருத்தரும் கேட்கவில்லை.

பதில் பழையது. 1854இல் கண்டிப் பக்கத்துத் தோட்டத்துரைமாரின் தூண்டுதலிலும் ஆதரவிலும்தான் இந்த மலைகளுக்கு முதல் ஒழுங்கமைந்த புரட்டஸ்தாந்து மிஷன் வந்தது. பெயரே "தமிழ்க் கூலி மிஷன்". பிறகு வெட்கப்பட்டுப் பெயரை மாற்றினார்கள். பள்ளிக்கூடம் கொடுத்தார்கள், எழுத்துக் கொடுத்தார்கள், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் சம்பளத்தைப்பற்றிக் கேட்காத கடவுள்தான் தோட்டத்துக்கு வசதி என்பது துரைமாருக்கு 170 வருடத்துக்கு முந்தியே தெரியும்.

இனி நான் செய்த காரியம். நான் ஒருத்தருக்கும் சரியாகச் சொன்னதில்லை.

எங்கட 14 பேரில் தமிழ் ஒழுங்காகக் கதைக்கக்கூடியவர்கள் 3 பேர். ஆகவே நான் மொழிபெயர்ப்பாளர். தமிழருக்கும் தமிழருக்கும் நடுவில். ஐந்தாம் நாள் லயம் லயமாகப் போய், "உங்களுக்காக எதைப்பற்றி ஜெபிக்கவேணும்" என்று கேட்டுக் கொப்பியில் எழுதவேணும். ஒரு காம்பராவுக்கு முன்னால் ஒரு அக்கா. 45 வயது இருக்கும், அப்பதான் மலையால் வந்து படங்கைக் கழற்றிக்கொண்டு நின்றா. கேட்டேன். யோசிக்காமலே சொன்னா: "முழுப் பேரு போடச் சொல்லி ஜெபிங்க, தங்கச்சி."

எனக்கு விளங்கவில்லை. யாருடைய பெயர்? அவ சிரித்துப்போட்டுப் பொறுமையாகச் சொன்னா. "காலையில பெரட்டுல பேரு குடுப்போம். அந்திக்கு கொழுந்து நிறுக்கிறப்ப 18 கிலோ இல்லேன்னா அரைப் பேருதான், அரைச் சம்பளம். மழை நாள்ல எங்கிட்டுப் போயி 18 கிலோ எடுக்கிறது? இதுல தண்ணிக்கு, சாக்குக்குன்னு தராசுல ரெண்டு மூணு கிலோ வேற வெட்டுவாங்க."

குழுத் தலைவர் பேனையோடு நின்றார். என்ன சொல்றா எண்டு இங்கிலிஷில கேட்டார். வரிசையில இன்னும் 9 காம்பரா இருந்தது, மழை இருட்டிக்கொண்டு வந்தது, அரைப் பேர், தராசு, வெட்டு என்பதையெல்லாம் எப்படிச் சொல்லுறதெண்டு எனக்கு வரேல்ல. வேலையில கஷ்டமாம், சமாதானம் வேணுமாம் எண்டு சொன்னன். அவர் "வேலையில் சமாதானம்" என்று எழுதினார். பிறகு எல்லாரும் சுற்றி நின்று அவவின் தோளில் கை வைத்து, இந்தச் சகோதரிக்குப் பொறுமையைத் தாரும் ஆண்டவரே என்று ஜெபித்தோம். நானும்தான். அவ கண்ணை மூடிக்கொண்டு நின்றா. முடிய, "நல்லாருங்க" எண்டா.

பத்து வருடமாக நான் அந்த ஒரு வரி மொழிபெயர்ப்பை யோசிக்கிறன். அது மொழிப் பிழை இல்லை. அந்தக் கொப்பியில் வேறெதையும் எழுத இடம் இருக்கவில்லை. சம்பளக் கோரிக்கை ஒன்று ஊழியப் பயணத்தின் வாசலைக் கடக்கும்போது ஆத்துமப் பிரச்சினையாக மாறித்தான் ஆகவேணும். இல்லாவிட்டால் அடுத்த கேள்வி துரையிடம் போகும், தேத்தண்ணி நின்றுவிடும். அந்த அக்காவின் தேவையைக் கண்டுபிடிக்க ரொறன்ரோவிலிருந்து ஆள் போயிருக்கத் தேவையில்லை. 1,000 ரூபா நாட்சம்பளம் என்ற கோரிக்கை நாங்கள் போவதற்கு முதல் வருடமே மலையகம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் திரும்பி வந்த ஒக்டோபரில் கூட்டு ஒப்பந்தம் அதை 730இல் முடித்தது. 1,000 ரூபா வர 2021 ஆகியது. அதற்குள் விலைவாசி அதைத் தின்றுவிட்டது.

கடைசி நாள் ஆராதனையில் "கை உயர்த்தினவர்களை" எண்ணினோம். 43 ஆத்துமாக்கள் என்று ஸ்காபரோவில் திரையில் போட்டார்கள், சபை எழும்பி நின்று கைதட்டியது. 43இல் பாதிக்கு மேல் பிள்ளைகள். சிலர் இரண்டாம் தரம் கை உயர்த்தியவர்கள், ஏனென்றால் கை உயர்த்தினவர்களுக்கு பிஸ்கட் பக்கெற் கொடுத்தோம்.

சுவரைப்பற்றியும் சொல்லவேணும். பிள்ளை மடுவத்தின் சுவருக்குத்தான் பெயின்ற் அடித்தோம். மூன்று நாள். எங்களுக்கு ஏணி பிடித்துக்கொண்டு நின்றவர் உள்ளூர்ப் போதகரின் தம்பி, கொழும்பில் கட்டட வேலைகளில் பெயின்ரராக இருந்து வேலையில்லாமல் திரும்பியவர். அவர் இரண்டு தரம் மெதுவாகச் சொன்னார், சுவர் ஈரம், முதலில் சுரண்டவேணும் என்று. எங்களுக்கு நாள் இல்லை. அடுத்த மழைக்கு உரிந்துவிட்டது என்று பிறகு போதகர் வட்சப்பில் எழுதினார். குறையாகச் சொல்லவில்லை, நாங்கள் கேட்டதற்குப் பதில் சொன்னார்.

எட்டாம் நாள் எங்களுக்கு ஓய்வு நாள். தியலும நீர்வீழ்ச்சிக்குப் போனோம். வான் கொஸ்லந்தை வழியாகப் போனது. அந்த வீதிக்குக் கிட்டத்தான் மீரியபெத்த. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடிய தோட்டம். அந்த இடம் ஆபத்து என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். சனம் எழும்பிப் போகவில்லை என்று பிறகு சனத்தையே குற்றம் சொன்னார்கள். எங்கே போறது? 200 வருடம் இருந்தும் காலுக்குக் கீழே ஒரு துண்டுக் காணி அவர்களுக்குச் சொந்தமில்லை. நாங்கள் வானில் போன அந்த நாளிலும் தப்பியவர்களில் பலர் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள்தான் இருந்தார்கள். வானுக்குள் ஒருத்தரும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. எனக்கு அந்தப் பெயரே தெரியாது. நீர்வீழ்ச்சிக்கு முன்னால் 14 பேரும் துள்ளிக் குதித்து எடுத்த படம் இன்னும் அம்மாவின் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது.

"எட்டாத கிராமம்" என்று சபையின் துண்டுப்பிரசுரம் இப்பவும் எழுதுகிறது. எங்கட முன்மொழிவிலும் "தொலைதூர" என்ற சொல் இரண்டு தரம் இருக்கிறது. யாருக்கு எட்டாதது? அந்த மலையில் காலையில் கிள்ளின கொழுந்து அன்றைக்கே ஸ்டோருக்குப் போகுது. தூளாகிக் கொழும்பு ஏலத்துக்குப் போகுது, கப்பல் ஏறி உலகம் முழுக்கப் போகுது, எங்கட தமிழ்க்கடைத் தட்டில வந்து இருக்குது. தேயிலைக்கு அந்த மலை ஒரு நாளும் தூரமாக இருந்ததில்லை. பிரசவ நோ வந்த பெண்ணைக் கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது மட்டும்தான் அது தொலைதூரம்.

எங்களில் பெரும்பாலான ஆட்கள் தொடாத ஒரு விசயம் இருக்கிறது. நாங்கள் அங்கே போகும்போது வெறும் கனடாக்காரராகப் போவதில்லை.

அதே அக்கா, ஜெபம் முடிந்த பிறகு என்னைக் கேட்டா, "நீங்கள்லாம் யாழ்ப்பாணமா?" ஓம் எண்டன். "எங்க பெரியக்கா யாழ்ப்பாணத்துல ஒரு வாத்தியார் வீட்டுல வேலைக்கு நின்னுச்சு. ஒம்போது வயசுல போனது. 83 கலவரத்துக்கப்புறம் ஒரு கடுதாசியும் இல்ல." அவ்வளவுதான். குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. நான் அதை மொழிபெயர்க்கவும் இல்லை.

வீட்டை வந்து அம்மாவிடம் கேட்டேன். "ஓம், எங்களிட்டயும் ஒரு பிள்ளை நிண்டது. எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரித்தான் வைச்சிருந்தம்." எங்க படுத்தது? "குசினிக்குள்ள." பள்ளிக்கூடம் போனதா? அம்மா தேத்தண்ணி வைக்க எழும்பினா. எந்த ஊர்? "மலைநாடு." என்ன பெயர்? "நாங்கள் ராணி எண்டு கூப்பிடுறனாங்கள். சொந்தப் பெயர் தெரியாது."

"தோட்டக்காட்டான்", "வடக்கத்தையான்" என்ற சொற்களை நான் கனடாவில்தான் கேட்டிருக்கிறேன், தமிழ் வீடுகளின் வரவேற்பறைகளில். 1948 பிரசாவுரிமைச் சட்டம் அந்த மக்களில் 7 இலட்சம் பேர் அளவில் நாடற்றவர்களாக்கியது. அந்தச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த ஜி.ஜி. பொன்னம்பலம் சில கிழமைகளிலேயே அதே அரசாங்கத்தில் அமைச்சரானார். அடுத்த ஆண்டு வந்த இந்தியப் பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தில் அரசாங்கத்தின் பக்கம் நின்றார். அந்த உடைவில் வெளியேறித் தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய செல்வநாயகம் ஒரு அங்கிலிக்கன் கிறிஸ்தவர் என்பதைச் சபையில் ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் மேசையில் இருந்து 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று பிரித்தார்கள், மிச்சம் 1,50,000ஐப் பிறகு பார்ப்போம் என்று வைத்தார்கள். 1977 வன்முறைக்குப் பிறகு வன்னிக்கு ஓடிவந்து காடு வெட்டிக் குடியேறின மலையகச் சனத்தை நாங்கள் எப்படி நடத்தினோம் என்பதற்கு ஈழத்தமிழர் வரலாற்றில் நாங்கள் சத்தமாக வாசிக்கிற அத்தியாயம் இல்லை. அந்தக் குடும்பத்து இளையோர் எத்தனை பேர் எங்கட போரில் செத்தார்கள், மாவீரர் நாளுக்கு ரொறன்ரோவில் விளக்கேற்றும்போது அவர்களின் ஊரை யார் சொல்லுகிறோம்?

கடன்காரர் வீட்டுக்குக் கடன் வாங்கினவர் போய் அன்பளிப்புக் கொடுக்கிற மாதிரி இருக்கிறது எங்கட ஊழியம். 10 நாள் கட்டிப்பிடித்தோம், அழுதோம், படம் எடுத்தோம். கணக்கு முடிந்தது என்ற உணர்வோடு விமானம் ஏறினோம். கொடுத்தவர்கள் என்ற பெயர் எங்களுக்கு. கொடுத்தது யார்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதம் யாருடைய கையிலும் போய்ச் சேரலாம். மதமாற்றத்துக்கு எதிராகச் சத்தம் போடுகிற சிவசேனைக் கூட்டத்தோடு எனக்கு ஒரு சென்ற்றிமீற்றர்கூடச் சேர்க்கை இல்லை. 2004இல் கட்டாய மதமாற்றத் தடை என்று ஜாதிக ஹெல உறுமய கொண்டுவந்த சட்டமூலம் எந்த நோக்கத்தில் வந்தது என்று எங்களுக்குத் தெரியும். தோட்டத்துப் பெண் ஒருத்தி மாரியம்மனை விட்டுப் பெந்தெகொஸ்தே சபைக்குப் போனால் அவவுக்கு அதற்கான காரணம் இருக்கிறது. குடிக்கிற புருசன், சாதி, ஞாயிற்றுக்கிழமையாவது தன்ர பெயரை முழுசாகச் சொல்லிக் கூப்பிடுகிற ஒரு இடம். அது அவவின் முடிவு. அந்த உள்ளூர்ப் போதகரும் தோட்டத்துப் பிள்ளைதான், வருடம் முழுக்க அதே சேற்றில் நடக்கிறவர். என் சண்டை அவரோடு இல்லை. அவருடைய சபையில் நாங்கள் வந்த 10 நாளும் அவர் சமையல்காரரும் சாரதியும் ஆனார், அதோடுதான் என் சண்டை.

சுவிசேஷத்தோடும் இல்லை. 1972இல் யேசுசபைத் துறவி போல் கஸ்பர்ஸ் கண்டியில் சத்தியோதயத்தைத் தொடங்கினார். சிங்களவரும் தமிழரும் சேர்ந்து இருந்து, தோட்டத் தொழிலாளரின் குடியுரிமை, சம்பளம், காணி என்று பல பத்தாண்டுகள் வேலை செய்தார்கள். அவர் 10 நாளில் திரும்பிப் போகவில்லை, சாகும்வரை கண்டியைவிட்டு அந்த வேலை போகவில்லை. 2023இல், மலையக மக்கள் வந்து 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு 16 நாள் நடந்தார்களே, அதை முன்னின்று ஒழுங்கு செய்தவர்களில் இலங்கைத் தேசிய கிறிஸ்தவ மன்றமும் இருந்தது. அதுவும் கிறிஸ்தவப் பயணம்தான். அதில் மலையகச் சனம் முன்னுக்கு நடந்தது, மற்றவர்கள் பின்னால் போனார்கள். மெக்சிக்கோவில் 1968இல் இவான் இலிச் என்ற கத்தோலிக்கக் குருவானவர், கிராமங்களுக்கு உதவ வந்த அமெரிக்க மாணவர்களை முகத்துக்கு நேரே பேசினார். பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ வராதீர்கள் என்பதுதான் அவர் பேச்சின் சாரம். எங்கட வேதபாட வகுப்பில் அவருக்கு இடமில்லை.

இப்ப எங்கட முன்மொழிவுக்கு வாறன். நீங்கள் என்ன சொல்லுவீங்கள் எண்டு தெரியும். "போய்ப் பார்த்தால்தானே விளங்கும்", "சனம்தானே வரச் சொல்லுது", "நீ இந்தக் குழுவுக்கு வந்ததே அந்தப் பயணத்தாலதானே."

கடைசி வாதம்தான் எனக்கு வலிக்கிறது, ஏனென்றால் அது உண்மை. அந்தப் பயணம் இல்லாவிட்டால் நான் இன்றைக்குத் தோட்டத் தொழிலைப்பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் அந்தப் படிப்புக்குக் கட்டணம் கட்டினது யார்? மழையில் நனைந்து வந்து படங்கு கழற்றக்கூட நேரமில்லாமல் எனக்கு அரைப் பேரை விளங்கப்படுத்தின அக்கா. அவவுக்கு அதால் ஒரு கிலோகூடக் குறையவில்லை. என்னைத் திருத்துவதற்கு அவவின் வாசல் பள்ளிக்கூடம் இல்லை. 14 பேரில் ஒருத்தி இடதுசாரியாக மாறினது வெற்றி என்றால், மற்ற 13 பேரில் 4 பேர் இப்பவும் வருடா வருடம் வேறு வேறு நாட்டுக்கு ஊழியத்துக்குப் போகிறார்கள், மிச்சப் பேர் படத்தை மட்டும் வைத்திருக்கிறார்கள்.

"சனம் வரச் சொல்லுது" என்பதைப்பற்றி: வந்தவர்களை வராதே என்று சொல்கிற சனமா அது? எங்கட 14 பேருக்கும் கோழி அடித்துக் கறி வைத்தார்கள். எத்தனை நாள் கூலி அந்தக் கறி என்று நான் கேட்கவில்லை.

கதைகளைப் பதிவு செய்யப்போகிறோம் என்கிறீர்கள். மலையகத்துக்குக் கதை சொல்ல ஆள் இல்லையா? சி.வி. வேலுப்பிள்ளையிலிருந்து இன்றைக்கு ஹட்டனிலும் பதுளையிலும் இருந்து எழுதுகிற, படம் எடுக்கிற, சங்கம் கட்டுகிற எங்கட வயதுப் பிள்ளைகள்வரை ஒரு வரிசை இருக்கிறது. 2018 ஒக்டோபர் 24, ஆயிரக்கணக்கான மலையக இளைஞர்கள் கறுப்பு உடுத்துக் காலிமுகத்திடலில் 1,000 ரூபா கேட்டு நின்றார்கள். அவர்களுக்கு நம்பிக்கை கொண்டுபோக ஸ்காபரோவிலிருந்து ஆள் தேவைப்படவில்லை. அந்த நாளில் ரொறன்ரோவில் நாங்கள் என்ன செய்தோம் என்று யோசித்தேன். நான் ஒரு பதிவைப் பகிர்ந்தேன். அவ்வளவுதான்.

போன நவம்பரில் டிட்வா வந்தது. இலங்கை முழுக்க 600க்கு மேல் உயிர்கள், மலை மாவட்டங்களில்தான் பெரிய அடி. அந்த மேல் டிவிசனுக்கு மேலே மலை வெடித்திருக்கிறது. ஆள் சேதம் இல்லை, இரண்டு லயத்தை விட்டு எழும்பச் சொல்லிவிட்டார்கள். எழும்பி எங்கே போறது என்ற மீரியபெத்தக் கேள்வி திரும்பவும் வந்து நிற்கிறது. வீடு இழந்தவருக்கு நட்டஈடு என்றால் வீடு யாருடையது என்று கேட்பார்கள். லயம் தோட்டத்தின் சொத்து. காணி அரசின் சொத்து, கம்பனிக்குக் குத்தகை. சனத்தின் பெயரில் இருப்பது வாக்காளர் இடாப்பில் ஒரு வரி. இதற்கு 12 நாள் போய்ச் சுவர் பூசினால், விழப்போகிற சுவரைத்தான் பூசுவோம்.

டிசம்பரில் போதகருக்கு எழுதினேன், என்ன தேவை என்று கேட்டு. இரண்டு நாளில் பதில் வந்தது. அப்படியே சொல்கிறேன்: தார்ப்பாய் 30. பிள்ளைகளுக்குச் சப்பாத்து, அளவுகள் கீழே. அலுவலகத்தில் கொடுத்த கடிதங்கள் சிங்களத்தில் இருக்கிறது, வாசித்துச் சொல்லவும் பதில் எழுதவும் ஆள். எழும்பச் சொன்ன அறிக்கையின் பிரதியைக் கேட்டு ஒரு விண்ணப்பம். 7 பேர்ச் காணி எங்கே, எப்ப, யாருடைய பெயரில் என்று கேட்டு இன்னொன்று. பெண்ணின் பெயரும் உறுதியில் வரவேணும் என்று அக்காமார் சொல்லுகிறார்களாம், அதையும் எழுதவேணுமாம்.

எங்கட வருகையைப்பற்றி அந்தப் பட்டியலில் ஒன்றும் இல்லை.

வாக்கெடுப்பு வருகிற ஞாயிறு பின்னேரம். நான் பயணத்துக்கு எதிராக வாக்களிக்கிறேன். விமானச் சீட்டுக்குச் சேர்த்த காசை முழுதாக அனுப்பவேணும் என்று ஒரு மாற்று முன்மொழிவும் வைக்கிறேன். எங்கட பெயர் போட்ட பதாகை, பயனாளிகளோடு படம், நன்றிக் கடிதம் ஒன்றும் கேட்கக்கூடாது. யாராவது ஊருக்குப் போகிற நேரம் அங்கே போய் ஒரு சாயத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் அது விருந்தாளி போனது, அதற்குக் குழுவின் காசு வேண்டாம்.

அதோடு எனக்கு 3 பேர் வேணும். சிங்களம் வாசிக்கக்கூடிய ஒருவர் கட்டாயம், எங்கட குழுவில் ஒருத்தரும் இல்லை என்பதே ஒரு வெட்கம், சிங்களத் தோழர்களிடம் கேளுங்கோ. காணிச் சட்டம் தெரிந்த ஒருவர். மற்றவர் செவ்வாய் இரவுகளில், அங்கே புதன் விடிய 6 மணிக்கு, பெரட்டுக்குப் போகமுதல், போனில் இருந்து அக்காமார் சொல்வதைச் சொன்னபடியே எழுதக்கூடியவர். இந்தக் கடிதத்துக்கே பதில் போடுங்கோ, கடிதங்களின் படங்கள் என்னிடம் இருக்கு. முதல் விண்ணப்பத்துக்குக் கடைசித் திகதி இந்த மாதம் 28.